பேப்ரா சந்திப்பு: ரயில் ஏன் வந்த வழியே திரும்பியது?

ஒரு ரயில் நிலையத்தைச் 'சந்திப்பு' என்று சொல்ல என்ன வேண்டும்? குறைந்தது மூன்று திசைகளிலிருந்து பாதைகள் அங்கே வந்து சேர வேண்டும். ஒரு பாதையில் வந்த ரயிலோ சரக்குப் பெட்டியோ பயணியோ அங்கிருந்து இன்னொரு பாதைக்கு மாற வழி இருக்க வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். ஆனால் ஒரு சந்திப்பு எப்படி வேலை செய்யும் என்பது பாதைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. எந்தப் பாதை நிலையத்தின் எந்த முனையில் வந்து நுழைகிறது என்பதைப் பொறுத்தது. ரயில் நேராகக் கடந்து போகுமா, நின்று எஞ்சினை மாற்றிக்கொண்டு வந்த பக்கமே திரும்புமா என்பதை அந்த முனைதான் முடிவு செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் பேப்ரா நல்ல உதாரணம். நாட்டின் நடுப்பகுதியில், ஹெஸ்ஸன் மாநிலத்தின் வடகிழக்கில், ஃபுல்டா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. ரயில் வருவதற்கு முன் அது ஒரு கிராமம். நகரம் என்ற தகுதியே 1935-இல்தான் கிடைத்தது. இருந்தும் ஜெர்மனியில் தலைமுறை தலைமுறையாக ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும், ஏனென்றால் அவர்கள் அங்கே காத்திருந்திருக்கிறார்கள்.

ஒரு தாளை எடுத்து நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் பேப்ரா நிலையம். மேல்முனை வடக்கு, கீழ்முனை தெற்கு. மேல்முனையிலிருந்து இரண்டு கோடுகள் பிரியட்டும்: இடப்பக்கம் போவது காசல் நகருக்கு, வலப்பக்கம் போவது கோட்டிங்கனுக்கும் அதைத் தாண்டி ஹனோவருக்கும். கீழ்முனையிலும் இரண்டு கோடுகள்: இடப்பக்கம் போவது ஹெர்ஸ்ஃபெல்ட், ஃபுல்டா, ஹனாவ் வழியாக ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு, வலப்பக்கம் போவது கெர்ஸ்டுங்கன், ஐசனாக், எர்ஃபுர்ட் வழியாக லைப்சிக், பெர்லின் பக்கம்.

இப்போது விரலை வைத்துப் பாருங்கள். காசலிலிருந்து கெர்ஸ்டுங்கனுக்கு மேலிருந்து கீழே நேராக இறங்கலாம். கோட்டிங்கனிலிருந்து ஃபுல்டாவுக்கும் அப்படியே. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லைப்சிக்குக்குப் போக வேண்டுமானால் விரல் கீழ்முனையில் நுழைந்து, நின்று, மறுபடி கீழ்முனை வழியாகவே வெளியேற வேண்டும். ரயிலால் சாலை வண்டிபோல வளைந்து திரும்ப முடியாது. அதன் முன்பக்கம் பின்பக்கமாகவும் பின்பக்கம் முன்பக்கமாகவும் மாற வேண்டும். ஜெர்மன் ரயில்காரர்கள் இதைத் 'தலை போடுவது' என்பார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டும் பெர்லினும் பெரிய நகரங்கள். அவற்றுக்கிடையிலான பாதையையா இப்படி மடக்கி வைப்பார்கள்? யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. முதலில் இந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் முக்கியமாகப் படவில்லை, அதனால் வந்தது இது.

எல்லைக்கோடு போட்ட பாதை

1840-களில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. பேப்ரா இருந்த பகுதி காசலைத் தலைநகராகக் கொண்ட ஹெஸ்ஸன் தேர்வரசருடைய நாடு ('தேர்வரசர்' என்பது அந்நாட்டு அரசரின் பட்டம்). அவருக்கு வேண்டியது தன் தலைநகரைக் கிழக்கே தூரிங்கியாவோடும் அதன் வழியாகப் பிரஷ்யாவின் ஹாலேயோடும் இணைக்கும் பாதை. அதற்கு 1841-இல் பிரஷ்யாவோடும் தூரிங்கிய அரசுகளோடும் ஒப்பந்தம் ஆனது. அரசர் பெயரிலேயே ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் வடக்கு ரயில்வே உருவானது. காசலின் ஹென்ஷல் தொழிற்சாலை தன் முதல் எஞ்சினைச் செய்து கொடுத்ததும் இந்த ரயில்வேக்குத்தான். 1848-இல் வெளிவந்த அந்த எஞ்சினின் பெயர் 'டிராகன்'.

மலைகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் பாதை போட மலிவான வழி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு மெதுவாக ஏறும், பாதையும் அதோடு மெதுவாக ஏறும். காசலிலிருந்து ஃபுல்டா ஆற்றை எதிர்த்துத் தெற்கே வந்தால் பேப்ராவில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஆறு தெற்கே ஹெர்ஸ்ஃபெல்ட் பக்கம் போகிறது, கெர்ஸ்டுங்கனோ கிழக்கே இருக்கிறது. ஆற்றை விட்டுவிட்டு மேட்டில் ஏற வேண்டிய இடம் பேப்ரா. 1848 ஆகஸ்ட் 29 அன்று காசலுக்குத் தெற்கே உள்ள குக்ஸ்ஹாகனிலிருந்து பேப்ரா வரை ரயில் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கெர்ஸ்டுங்கன் வெறும் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் அதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆனது. இடையில் ஹோனபாக் என்ற இடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்ட வேண்டியிருந்தது. 1849 செப்டம்பர் 25 அன்று அந்தத் துண்டு திறந்ததும் காசலும் தூரிங்கியாவும் இணைந்தன.

அன்று பேப்ரா சந்திப்பு இல்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் சாதாரண நிலையம்தான். அப்போது பெர்லினிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வருகிற ஆள் பேப்ராவைத் தாண்டி வடக்கே காசலுக்குப் பக்கத்தில் உள்ள குண்டர்ஸ்ஹவுசன் வரை போய், அங்கிருந்து மார்புர்க், கீசன் வழியாகத் தெற்கே இறங்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் பெரிய சுற்று.

அந்தச் சுற்றைக் குறைக்கத்தான் ஃபுல்டா ஆற்றோடு தெற்கே ஒரு பாதை வந்தது. பேப்ரா – ஹெர்ஸ்ஃபெல்ட் 1866 ஜனவரியில், ஃபுல்டா வரை அதே ஆண்டு அக்டோபரில், ஹனாவ் வரை 1868 டிசம்பரில். இடையில் 1866 போரில் ஹெஸ்ஸன் நாடே மறைந்து பிரஷ்யாவோடு சேர்ந்துவிட்டது. பாதையைத் தொடங்கியது ஒரு அரசு, முடித்தது இன்னொன்று. அந்தப் புதுப்பாதை ஏற்கெனவே இருந்த நிலையத்தின் கீழ்முனையில் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. பேப்ரா சந்திப்பு ஆனதும், ஃபிராங்க்ஃபர்ட் – பெர்லின் ரயில் தலைமாற வேண்டி வந்ததும் ஒரே வேலையால்தான். 1875, 1876-இல் கோட்டிங்கன் பக்கமிருந்து நான்காவது பாதை மேல்முனையில் வந்து சேர்ந்தது.

நிலையக் கட்டடத்தின் இடமும் இந்த வளர்ச்சியைக் காட்டுகிறது. பேப்ராவில் அது தண்டவாளங்களுக்கு நடுவே, தீவுபோல நிற்கிறது. இரு பக்கமும் ரயில்கள். பயணச்சீட்டு, காத்திருப்பறை, உணவு எல்லாம் நடுவில் இருப்பதால் வண்டி மாறுகிறவர் குறைவாக நடந்தால் போதும். ஊர்க்காரர் உள்ளே வருவதற்குத்தான் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். ஊராரைவிட வண்டி மாறுகிறவர்களை மனதில் வைத்துக் கட்டிய நிலையம் அது.

தலைமாற்றம் என்பது எத்தனை வேலை

வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவது சின்ன வேலையாகத் தோன்றும். படிப்படியாகப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும்.

ரயில் நின்றதும், பெட்டிகளைக் கழற்றி மாட்டும் ஷண்டிங் தொழிலாளி எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே குனிந்து நுழைகிறார். ஐரோப்பியப் பெட்டிகளின் முனைகளில் இரு பக்கமும் பஃபர்கள், அதாவது மோதலைத் தாங்கும் வில் பொருத்திய இரும்புத் தட்டுகள், இருக்கின்றன. அவற்றுக்கு இடையே ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு 'பெர்ன் இடம்' என்று பெயர். அங்கே நின்றுகொண்டு முதலில் பிரேக் காற்றுக்குழாயின் வால்வை எஞ்சின் பக்கமும் பெட்டிப் பக்கமும் மூட வேண்டும். பிறகுதான் குழாயைப் பிரிக்கலாம். குழாயில் 5 பார் அழுத்தம் இருக்கிறது. மூடாமல் பிரித்தால் ரப்பர்க் குழாய் சாட்டைபோல் வீசி எலும்பை முறிக்கும். நீராவிக் காலத்தில் குளிர் மாதங்களில் இன்னொரு குழாயும் உண்டு. எஞ்சினின் கொதிகலனிலிருந்து பெட்டிகளைச் சூடாக்க நீராவி அதன் வழியாகத்தான் போகும். அதையும் பிரிக்க வேண்டும். கடைசியாகத் திருகுக் கொக்கி. நடுவில் உள்ள கைப்பிடியைச் சுற்றித் தளர்த்தி, கனமான இரும்பு வளையத்தைத் தூக்கிக் கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும்.

அதே நேரம் மறுமுனையில் புது எஞ்சின் மெதுவாக வந்து பஃபரோடு பஃபர் ஒட்டுகிறது. அங்கே இதே வேலை தலைகீழ் வரிசையில்: வளையம், திருகு, குழாய்கள், வால்வு. ரயிலின் கடைசியில் இருந்த சிவப்பு விளக்கு இப்போது முன்பக்கம் ஆகிவிட்டது. அதை எடுத்துப் புதுக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிறகு பிரேக் சோதனை. இதை விட்டுவிட்டு யாரும் கிளம்ப முடியாது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார். ரயிலின் கடைசியில் உள்ள ஆள் கட்டைகள் சக்கரத்தைப் பிடித்தனவா என்று பார்க்கிறார். விடுவிக்கிறார், அவை விட்டனவா என்று பார்க்கிறார். ஏன் இத்தனை கண்டிப்பு? மூடிய வால்வைத் திறக்க மறந்தால் அதற்குப் பின்னால் உள்ள எந்தப் பெட்டியிலும் ஓட்டுநரின் பிரேக் பிடிக்காது. ரயில் நிற்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. கிளம்பும்போதும் தெரியாது. இறக்கத்தில் பிரேக் போடும்போதுதான் தெரியும். ரயில் விபத்து வரலாற்றில் மூடிக் கிடந்த வால்வுக்குத் தனி இடமே உண்டு.

எல்லாம் சரியாக நடந்தால் பத்து நிமிடத்தை ஒட்டி முடியும். ஒரு ரயிலுக்குப் பத்து நிமிடம் பெரிதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் ஒரு நடைமேடைத் தண்டவாளம் வேறு ரயிலுக்குக் கிடைக்காது. மாற்று எஞ்சின் ஒன்று தயாராக நிற்க வேண்டும். நீராவி எஞ்சினைப் பொத்தானை அழுத்திக் கிளப்ப முடியாது. குளிர்ந்து கிடப்பதில் நெருப்பு மூட்டி அழுத்தம் ஏற்றப் பல மணி நேரம் ஆகும். ஆகவே லோகோ ஷெட், கரி, தண்ணீர்த் தூண், சாம்பல் குழி, எஞ்சினைத் திருப்பும் வட்ட மேடை எல்லாம் வேண்டும். இவற்றை இயக்க ஆட்கள் வேண்டும், ஆட்களுக்கு வீடு வேண்டும். சந்திப்பு ஒரு கிராமத்தை ஊராக்குவது இப்படித்தான். பேப்ரா வளர்ந்ததற்கு அந்தக் கழற்றி மாட்டும் வேலை ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு சிக்கல் பயணிகள் கண்ணுக்குப் படாதது. ஜெர்மனியில் இரட்டைப் பாதையில் ரயில்கள் வலப்பக்கம் ஓடும். உங்கள் தாளில் தெற்கே இறங்கும் ரயில் இடது தண்டவாளத்தில் போகிறது, வடக்கே ஏறும் ரயில் வலது தண்டவாளத்தில் வருகிறது. இறங்குகிற ரயில் கெர்ஸ்டுங்கன் பக்கம், அதாவது வலப்பக்கம் பிரிய வேண்டுமானால், ஹெர்ஸ்ஃபெல்டிலிருந்து ஏறி வரும் ரயிலின் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். சமதரையில் இப்படிக் கடந்தால் ஒன்று நின்றால்தான் மற்றது போகும். ஒரு ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் அந்தக் குறுக்கு வழியில் தாமதம் அடுத்த ரயிலுக்கும் தொற்றும். ஒரு தண்டவாளத்தை இன்னொன்றின் மேல் பாலமாகத் தூக்கினால்தான் இது தீரும். எந்தச் சந்திப்பையும் ஆராயும்போது முதலில் தேட வேண்டியது இந்த வெட்டுப்புள்ளிகளைத்தான்.

தலைமாற்றத்துக்கும் தீர்வு உண்டு, அதுவும் எளிது. தாளில் கீழ்முனைக்குச் சற்றுத் தள்ளி, ஃபுல்டா கோட்டையும் கெர்ஸ்டுங்கன் கோட்டையும் ஒரு வளைகோட்டால் இணைத்துவிடுங்கள். முக்கோணம் ஆகிவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட் – பெர்லின் ரயில் இனி பேப்ராவுக்குள் நுழையவே வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டினார்கள். 'பெர்லின் வளைவு' என்று பெயர். ஊருக்கு இதில் இழப்பும் உண்டு: திரும்பாத ரயில் நிற்காது.

இரண்டு கிராமமும் ஒரு ரயில் பாதையும்

1945-க்குப் பிறகு பேப்ராவின் கதை தலைகீழானது. அதுவரை கிழக்கு – மேற்கு ஓட்டம்தான் பெரிது. போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. இப்போது சோவியத் மண்டலத்துக்கும் அமெரிக்க மண்டலத்துக்கும் நடுவிலான எல்லைக்கோடு பேப்ராவுக்குக் கிழக்கே மிக அருகில் விழுந்தது. கிழக்குப் பாதை குறுகிப்போக, கோட்டிங்கன் – பேப்ரா – ஃபுல்டா என்ற வடக்கு – தெற்குப் பாதை முதுகெலும்பானது.

அமெரிக்கர்களுக்கு இந்தப் பாதை உயிர்நாடி. அவர்களுடைய மண்டலம் தெற்கில். அவர்களுக்குக் கிடைத்த துறைமுகம் வடக்கே பிரேமன், பிரேமர்ஹாஃபன். கப்பலில் வந்த பொருள் தெற்கே போக இதுதான் வழி. ஆனால் பேப்ராவுக்கும் கோட்டிங்கனுக்கும் நடுவே ஒரு சில கிலோமீட்டர் தூரம் பாதை தூரிங்கியா மண்ணில், அதாவது சோவியத் மண்டலத்தில் ஓடியது. தொடக்கத்தில் இரண்டு மாகாணங்களின் பழைய எல்லையை அப்படியே மண்டல எல்லையாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை. அந்தச் சில கிலோமீட்டரில் ரயிலை நிறுத்தினால் முழுப்பாதையும் செத்துவிடும்.

1945 செப்டம்பர் 17 அன்று வான்ஃப்ரீட் என்ற சிற்றூரில் இரு படைகளின் அதிகாரிகளும் உட்கார்ந்து நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். வெர்லெஸ்ஹவுசன், நொய்சேசன் என்ற இரண்டு தூரிங்கியக் கிராமங்கள் அமெரிக்கப் பக்கம் வந்தன. பதிலுக்கு ஹெஸ்ஸனின் ஐந்து சிற்றூர்கள் சோவியத் பக்கம் போயின. பாதை முழுவதும் ஒரே கைக்கு வந்தது. அந்தத் துண்டுக்கு மக்கள் 'விஸ்கி – வோட்கா பாதை' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு குடும்பம் மேற்கு ஜெர்மனியில் வாழ்ந்ததா கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்ததா என்பதை முடிவு செய்தது அந்த ரயில் பாதையின் ஓரத்தில் போட்ட கையெழுத்து. வெர்லெஸ்ஹவுசன் இன்றும் ஹெஸ்ஸனில்தான் இருக்கிறது.

கிழக்குப் பாதை முற்றிலும் மூடப்படவில்லை. இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான ரயில்கள் பேப்ராவில் நின்றன. மேற்குப் பக்க எல்லை நிலையம் அது; கிழக்குப் பக்கத்தில் கெர்ஸ்டுங்கன். எல்லையில் எஞ்சின் மாறும் என்பதால் பழைய எஞ்சின் மாற்று வேலைக்கு மீண்டும் உயிர் வந்தது. 1963-இல் வடக்கு – தெற்குப் பாதையில் மின்கம்பி வந்தபின் இந்தக் காட்சி இன்னும் விசித்திரமானது: ஒரு பக்கம் மேற்கு ஜெர்மனியின் மின்சார எஞ்சின், மறுபக்கம் எர்ஃபுர்ட்டிலிருந்து வந்த கிழக்கு ஜெர்மன் நீராவி எஞ்சின், இரண்டு மீட்டர் விட்டமுள்ள சக்கரங்களோடு. 1970-களின் தொடக்கம் வரை இந்த எஞ்சின்களைப் பார்க்கவும் படமெடுக்கவும் ரயில் ஆர்வலர்கள் பேப்ராவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

எல்லை எவ்வளவு சிக்கலாக இருந்தது என்பதற்கு இன்னொரு சான்று. கெர்ஸ்டுங்கனும் ஐசனாக்கும் இரண்டுமே கிழக்கு ஜெர்மனியில் இருந்தாலும், அவற்றை இணைத்த பழைய பாதை நடுவில் ஹெர்லெஸ்ஹவுசன் அருகே மேற்கு ஜெர்மனி மண்ணுக்குள் புகுந்து வெளியே வந்தது. பெர்லின் சுவர் எழுந்த மறு ஆண்டு, 1962-இல், கிழக்கு ஜெர்மனி தன் நிலத்துக்குள்ளேயே கெர்ஸ்டுங்கனிலிருந்து ஃபோர்தாவுக்கு மலை ஏறும் புதுப்பாதை ஒன்றைக் கட்டியது. பொருளாதாரக் கணக்கில் தேவையே இல்லாத பாதை.

சரக்குப் பெட்டிகளைப் பிரிக்கும் மேடு

சந்திப்பில் பயணி தானே இறங்கி வேறு வண்டியில் ஏறிக்கொள்வார். சரக்குப் பெட்டியை யாராவது மாற்றிவிட வேண்டும். அதற்குத்தான் யார்டு, பேப்ராவிலும் பெரிதாக இருந்தது. வந்த சரக்கு ரயிலின் பெட்டிகளை எந்தெந்த இடத்தில் பிரிப்பது என்று சீட்டு எழுதி, கொக்கிகளைத் தளர்த்தி, பின்னாலிருந்து ஒரு எஞ்சின் மெதுவாக ஒரு மேட்டின் மேல் தள்ளும். உச்சியில் கொக்கி விடுபட்டதும் பெட்டி தன் எடையால் மறுபக்கம் உருளும். கேபினில் உள்ளவர் பாயிண்டை, அதாவது தண்டவாளம் பிரியுமிடத்தில் உள்ள நகரும் துண்டை, மாற்றி அதை உரிய தண்டவாளத்துக்கு அனுப்புவார்.

கடினம் வேகத்தில் இருக்கிறது. நிறைந்த பெட்டி வேகமாக உருளும், காலிப் பெட்டி காற்றடித்தாலே நின்றுவிடும். கடுங்குளிரில் அச்சின் மசகு இறுகி எல்லாமே மெதுவாகும். முன்னால் போவது மெதுவாகவும் பின்னால் வருவது வேகமாகவும் இருந்தால் பாயிண்டை மாற்ற இடைவெளி கிடைக்காது. பெட்டி தவறான தண்டவாளத்துக்குப் போகும், அல்லது இடிக்கும். வேகத்தைக் குறைக்கத் தொழிலாளிகள் உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் இரும்புக் காலணி ஒன்றை வைப்பார்கள். சக்கரம் அதன்மேல் ஏறி உராய்ந்து நிற்கும். இரவிலும் பனியிலும் செய்யும் வேலை. கால் வழுக்கினால் உயிர் போகும். லாரிகள் பெருகித் தனிப்பெட்டிச் சரக்குக் குறைந்தபோது இந்த வேலையும் சுருங்கியது.

1989 நவம்பரில் எல்லை திறந்தது. மேற்கே வந்த கூட்டத்துக்குப் பேப்ரா முதல் நிலையங்களில் ஒன்று. 1990 ஜூலையில் எல்லைச் சோதனை நீங்கியது. 1991-இல் ஹெர்லெஸ்ஹவுசன் வழியான பழைய பாதை மறுபடி இணைந்தது. அதே ஆண்டு ஜூனில் இன்னொன்றும் நடந்தது: ஹனோவரிலிருந்து வூர்ஸ்பர்க் வரை 327 கிலோமீட்டர் நீளமுள்ள அதிவேகப் பாதை முழுதாகத் திறந்தது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டிய அந்தப் பாதை மலைகளைச் சுரங்கத்தால் துளைத்து, காசல் வழியாக நேராகப் போய்விட்டது. அதற்குப் பள்ளத்தாக்கு தேவையில்லை, ஆகவே பேப்ராவும் தேவையில்லை. ஹனோவர் – ஃபிராங்க்ஃபர்ட் விரைவு ரயில்கள் அங்கே போயின; பழைய பாதையில் சரக்கும் உள்ளூர் ரயில்களும் தங்கின.

கிழக்குப் பக்கமோ உயிர் பெற்றது. ஜெர்மன் ஒருமைப்பாட்டுக்கான போக்குவரத்துத் திட்டங்களில் ஏழாவது எண் பேப்ரா – எர்ஃபுர்ட். பாதையைச் சீரமைத்து மின்கம்பியும் போட்டு 1995 மே மாதம் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். எஞ்சின் மாற்றும் தேவை அதோடு போனது. இன்று ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து எர்ஃபுர்ட்டுக்கு விரையும் ரயில்களில் பெரும்பாலானவை ஹெர்ஸ்ஃபெல்டைத் தாண்டியதும் பெர்லின் வளைவில் வலப்பக்கம் சாய்ந்து கிழக்கே போய்விடுகின்றன. தீவுக் கட்டடம் அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே நிற்கிறது. வண்டி மாறுகிறவர்கள் காசல், ஃபுல்டா, கோட்டிங்கன், ஐசனாக் பக்கம் போகும் உள்ளூர் ரயில்களுக்கு இன்றும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.